எபிடெமியாலஜி: சர்க்கரை, ரத்த அழுத்தத்திலும் வேலை உண்டா?

கேள்வி: எபிடெமியாலஜி படித்தால் கொரோனா மாதிரி தொற்றுகளோடு மட்டும்தான் வேலையா? – வாசகர், மதுரை

பதில்: இல்லவே இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் உட்பட எந்த நோயும் மக்களில் யாருக்கு, எவ்வளவு, ஏன் வருகிறது என்று ஆராய்வதுதான் எபிடெமியாலஜி. லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வைப் பாருங்கள். சுமார் 18,000 ஆண்கள், எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். ஆனாலும் கடைநிலை ஊழியர்களின் மாரடைப்புச் சாவு, உயரதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றின் பங்கைக் கணக்கில் கழித்தும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. ஏன் என்று துருவுவதுதான் இந்த வேலை.

பாதி நாள் அளவுகோலோடு மல்லுக்கட்டத்தான் போகும். ரத்த அழுத்தம் அளக்கும்போது பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். வயதைச் சரிக்கட்டாமல் ஒப்பிட்டால், முதியோர் நிறைந்த ஊர்தான் நோயாளி ஊராகத் தெரியும். ஆகவே புள்ளியியலில் கை தேறுங்கள். சென்னை அயப்பாக்கத்தில் எபிடெமியாலஜிக்கென்றே தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள படிப்புகளை விசாரியுங்கள்.