பின்சக்கரக் கோட்டம்: முதலில் ஹப்பைப் பாருங்கள்

சைக்கிள் பள்ளத்தில் இறங்கியதிலிருந்து பின்சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இடப்பக்க பிரேக் கட்டையில் உரசுகிறது என்றும், போக்ஸ் கம்பிகள் அனைத்தையும் இறுக்கியும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கம்பிகளையும் இறுக்கினால் கோட்டம் போகாது, கூடவும் கூடும்.

முதலில் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். எங்கே பிடித்தாலும் லொடலொடவென ஆடினால் கோளாறு சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் இருக்கிறது, ஆகவே அதன் பேரிங் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டான கோனைச் சரிசெய்யாமல் கோட்டம் எடுப்பது வீண் வேலை. ஹப் கெட்டியாக இருந்து ஓரிடம் மட்டும் உரசினால், சக்கரத்தை மெல்லச் சுற்றி அவ்விடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். அங்கே ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, அதன் இருபுறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளை அரைக்கால் சுற்றுத் தளர்த்தி, மீண்டும் சுற்றிப் பாருங்கள். டயர் பக்கத்திலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் நிப்பிள், அதாவது கம்பியை ரிம்மோடு இணைக்கும் சிறு நட்டு, இறுகும். வண்டியைக் கவிழ்த்து வைத்து வேலை செய்யும்போது பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். அவசரப்படாமல் இதையே சிறிது சிறிதாகத் திரும்பச் செய்யுங்கள்.

ரிம்மின் விளிம்பே நசுங்கியிருந்தால் கம்பிகளால் அதை நிமிர்த்த முடியாது, ரிம்மை மாற்றிவிடுங்கள்.