வியாபாரி ஒருவர் ஆட்சிக்கு வந்தால் மாநிலம் உருப்படுமா? நைஜீரியாவின் பீட்டர் ஓபியை உதாரணமாகச் சொல்லலாமா?

சிக்கனமான வியாபாரி என்பதாலேயே ஓபி நல்ல ஆளுநராக இருந்தார் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நைஜீரியாவின் பெருநகரான லாகோஸில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் கணக்கு எழுதியவன் என்ற முறையில், அவரிடம் நான் மதிப்பது வேறொன்றை: நீதிமன்றப் படியேறி விடாமல் வழக்காடும் பிடிவாதத்தை. அவருடைய கட்சிக்காரன் என்று என்னை முத்திரை குத்த வேண்டாம். அந்நாட்டில் எனக்கு வாக்குரிமையே கிடையாது.

நைஜர் ஆற்றங்கரையில், பெரும் சந்தைக்குப் பேர்போன ஒனிட்ஷாவில் 1961இல் பிறந்த ஓபி, தத்துவம் படித்து, இறக்குமதி வணிகத்தில் வளர்ந்து, ஃபிடெலிட்டி வங்கியின் தலைவரானார். நைஜீரியாவில் மாநில ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2003இல் அனம்ப்ரா மாநிலத்தில் அவர் போட்டியிட்டபோது எதிர்வேட்பாளர் கிறிஸ் இங்கிகே வென்றதாக அறிவித்துவிட்டார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வழக்காடி, 2006 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பால் பதவியேற்றார். அதே ஆண்டு நவம்பரில் சட்டமன்றம் அவரை நீக்கியது. 2007 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. அடுத்த தேர்தலில் வென்ற ஆண்டி உபா மே 29 அன்று பதவியேற்ற பிறகும், தமது நான்காண்டுக் காலம் பதவியேற்ற நாளிலிருந்துதான் தொடங்குகிறது என்று வாதிட்டு, ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் வென்று நாற்காலியை மீட்டார். அனம்ப்ராவின் ஆளுநர் தேர்தல் இன்றும் மற்ற பெரும்பாலான மாநிலங்களோடு சேராமல் தனியாக நடப்பதற்கு அந்தத் தீர்ப்பே காரணம். 2010இல் மீண்டும் வென்று 2014 வரை ஆண்டார்.

சேமிப்பும் முதலீடுமாக 7,500 கோடி நைரா விட்டுச் சென்றதாக அவர் சொல்வதை அடுத்து வந்தவர்கள் ஏற்கவில்லை. வெளிநாட்டு நிறுவனங்களில் மறைத்து வைத்த சொத்துகளை 2021இல் அம்பலப்படுத்திய பண்டோரா ஆவணங்களில் அவர் பெயர் வந்தபோது, குடும்பத்தோடு கூட்டாக வைத்திருக்கும் சொத்தை அறிவிக்க வேண்டும் என்பது தமக்குத் தெரியாது என்றார். கணக்குத் தொழிலில் இருக்கும் எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

ஆனால், 2023 பிப்ரவரி 25 அன்று, தொழிலாளர் கட்சி சார்பில் அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, எங்கள் குடியிருப்பு வாசலுக்கு எதிரே வாக்குச்சாவடி இருந்தது. புதிய நைரா நோட்டுகளுக்குத் தட்டுப்பாடு நிலவிய நேரம்; கையில் காசில்லாமல் இருந்தவர்கள்கூடக் காலையிலேயே வரிசையில் நின்றார்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் அலுவலர் ஒவ்வொரு சீட்டாக உயர்த்திக் காட்ட, கூட்டம் முழுவதும் ஒரே குரலில் எண்ணியது. என்னோடு பணிபுரிந்த ஒனிட்ஷாக்காரர், அந்த எண்ணிக்கைத் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பத்திரப்படுத்தினார். "2003இல் எங்கள் கையில் இது இல்லை" என்றார். (நைஜீரியா என்றாலே மோசடி மின்னஞ்சல் என்று சிரிப்பவர்கள் இதை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.)

அந்தத் தேர்தலில் வென்ற டினுபுவின் கோட்டையான லாகோஸில் ஓபி பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் முந்தினார். நாடளவில் மூன்றாம் இடமே கிடைத்தது. மறுபடியும் வழக்குத் தொடுத்தார். இம்முறை, 2023 அக்டோபர் 26 அன்று, உச்ச நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.