சிவி பூட் (ஆக்ஸில் ஜாயின்டை மூடிக் கிரீஸைக் காக்கும் மடிப்பு உறை) கிழிந்தால் ஆக்ஸிலையே, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டையே, மாற்ற வேண்டுமா? பூட் மட்டும் மாற்றினால் போதாதா?

திருப்பத்தில் சத்தம் வரவில்லை, கிரீஸில் மண் ஏறவில்லை என்றால் பூட் மட்டும் போதும். சத்தம் வந்துவிட்டால் புதுப் பூட் போட்டும் பயனில்லை. ஜாயின்டோ முழு ஆக்ஸிலோ மாற்ற வேண்டியதுதான்.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஜாயின்ட் உண்டு. ஸ்டியரிங்கோடு சேர்ந்து மடங்குவது சக்கரப் பக்கத்து ஜாயின்ட் என்பதால் பெரும்பாலும் அந்தப் பூட்தான் முதலில் கிழியும். சுழற்சியில் கிரீஸ் வெளியே தெறிக்கும், அதே வழியில் மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே ஏறும். ஜாயின்டுக்குள் எஃகுக் குண்டுகள் ஓடும் பள்ளங்களை அரைத்துத் தின்பது அந்த மண்தான். அதனால் கிழிசலைக் கண்டபின் அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்பின் பள்ளத்தில்தான் தொடங்கும். விரலால் விரித்தால்தான் தெரியும். ரிம்மின் உட்புறத்திலும் லோயர் ஆர்மிலும் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடிக்கும் கை) கெட்டியான கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் போய்விட்டது. கியர்பாக்ஸ் ஓரத்தில் மெல்லிய எண்ணெய் கசிந்தால் அது ஆக்ஸில் ஆயில் சீல் (கியர் ஆயில் வெளியேறாமல் அடைக்கும் வளையம்). இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிழிசலிலிருந்து துளி கிரீஸ் எடுத்து விரல்களுக்கு இடையே தேயுங்கள். வழவழவென்று இருந்தால் ஜாயின்ட் பிழைக்கும். நறநறத்தால் மண், துருநிறமோ பால்நிறமோ கலந்திருந்தால் தண்ணீர். பிறகு காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபடி வட்டமடித்து ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். 'டக் டக்' என்றால் வெளி ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. நேர்ச்சாலையில் வேகமெடுக்கும்போது மட்டும் உதறினால் உள் ஜாயின்டைச் சந்தேகிக்கலாம்.

வேலையைத் தொடங்கும்போது, சக்கரம் தரையில் இருக்கையிலேயே ஆக்ஸில் நட்டின் நசுக்கிய விளிம்பை நிமிர்த்தி நட்டைத் தளர்த்துங்கள். பல கார்களில் இது 30 அல்லது 32 மி.மீ. சாக்கெட். பிறகு ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் வைத்து, லோயர் ஆர்ம் முனையிலுள்ள பால் ஜாயின்டைப் பிரித்து ஆக்ஸிலை ஹப்பிலிருந்து (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) வெளியே தள்ளுங்கள். மரையில் நேரடியாகச் சுத்தியல் படக்கூடாது. வெளியே வந்த ஆக்ஸிலைத் தொங்கவிட்டால் உள் ஜாயின்டின் உருளைகள் கழன்றுவிடும். கம்பியால் தூக்கிக் கட்டுங்கள். பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் ஒயரிலும் எந்த இழுவையும் வேண்டாம்.

பல வண்டிகளில் வெளி ஜாயின்ட் சர்க்ளிப்பில் (தண்டின் பள்ளத்தில் உட்காரும் வளையக் கிளிப்) நிற்கும். பித்தளைக் கம்பி வைத்து உள்வளையத்தைத் தட்டினால் கழலும். சிலவற்றில் அது ஷாஃப்டை விட்டுக் கழலவே கழலாது. அப்போது உள் ஜாயின்டைப் பிரித்து, அந்தப் பக்கமாகப் பூட்டைக் கோர்க்க வேண்டும். பிரிக்கும் முன் பாகங்கள் ஒன்றுக்கொன்று இருந்த நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலை கியர்பாக்ஸிலிருந்தே உருவினால் கியர் ஆயில் கொட்டும். சீலையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

மண்ணெண்ணெயில் கழுவி, முழுதாக உலர்த்தி, ஜாயின்டைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு குண்டையும் அது ஓடும் பள்ளத்தையும் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குக் குழியோ படியோ இருந்தால் அங்கேயே நிறுத்திப் புது ஜாயின்ட் வாங்குங்கள்.

சேர்க்கும்போது சிறிய கிளாம்ப், பூட், புதுச் சர்க்ளிப், ஜாயின்ட் என்பதுதான் வரிசை. கிளாம்பை மறந்துவிட்டு ஜாயின்டைத் தட்டி ஏற்றினால் மறுபடி முழுதாகப் பிரிக்க வேண்டும். ஷாஃப்ட் முனையின் ஸ்ப்ளைன் பற்களில் டேப் சுற்றினால் பூட் கீறாது. கிட்டோடு வரும் மாலிப்டினம் கிரீஸ் முழுவதையும் போடுங்கள். பாதியைக் குண்டுகளுக்குள் அழுத்தி, மீதியைப் பூட்டுக்குள். ஒர்க்‌ஷாப் டப்பாவில் இருக்கும் சாதா சேஸிஸ் கிரீஸ் இதற்கு ஆகாது. பூட் உட்காரும் இரண்டு இடங்களிலும் கிரீஸைச் சுத்தமாகத் துடைக்காவிட்டால் கிளாம்ப் வழுக்கும். இறுக்கும் முன் சிறிய முனையை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தூக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். இல்லையென்றால் பூட் உப்பியோ ஒடுங்கியோ நின்று சீக்கிரம் கிழியும். கெட்டிப் பிளாஸ்டிக் பூட்டுக்குக் கேபிள் டை போதவே போதாது. காது வைத்த ஸ்டீல் கிளாம்பை அதற்கான பிளையரால் கடிக்க வேண்டும். வெட்டி ஒட்டும் வகைப் பூட்டைத் தற்காலிக ஏற்பாடாக மட்டும் நினையுங்கள்.

ஆக்ஸில் நட் புதிதாகவே இருக்கட்டும். உங்கள் வண்டியின் மேனுவலில் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கி, விளிம்பை நசுக்குங்கள். அதற்கு முன் வண்டியை உருட்டினால் வீல் பேரிங் கெடும். ரிம்மின் உட்புறத்தைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். புதிதாகக் கிரீஸ் தெறித்திருந்தால் ஏதோ ஒரு கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை.