வெளியும் வேலியும்

கேள்வி: அமெரிக்காவில் இரண்டு சிறிய பியர்க் கம்பனிகள் தங்கள் பியருக்கு ஒரே பெயரை வைத்தும் சண்டை பிடிக்கவில்லையாமே? அப்படியென்றால் பெயருக்கு உரிமை என்று ஒன்று கிடையாதா?
- ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: உண்மைதான். ஒன்று கொலராடோவின் ஏவரி, மற்றது கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர். இரண்டிலும் 'சல்வேஷன்' என்று ஒரு பியர் இருந்தது. மீட்பு என்று பொருள். விஷயம் தெரியவந்ததும் கோடேறாமல், இரண்டையும் கலந்து 2006இல் புதிதாக ஒன்றை விட்டார்கள். பெயர் 'கொலாபரேஷன் நொட் லிட்டிகேஷன்': வழக்கு வேண்டாம், கூடிச் செய்வோம்.

உரிமை இல்லாமல் இல்லை. 'கீஸ்டோன்' பியர்க் கானில் 'ஸ்டோன்' மட்டும் பெரிதாகத் தெரிகிறது என்று ஸ்டோன் என்ற பியர்க் கம்பனி 2018இல் வழக்குப் போட்டது. 2022இல் ஜூரிமார் 5 கோடியே 60 இலட்சம் டொலர் நட்டஈடு என்றார்கள். ஜெர்மனியின் மூனிக்கில் பவுலானர் என்ற பியர்க் கம்பனி தன் 'சல்வாட்டோர்' பெயரைப் பதிந்து வேலி போட்டதும், அதே பெயரை வைத்திருந்த மற்றவர்கள் 'ட்டோர்' என்ற வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். செலப்ரேட்டோர், ஒப்டிமேட்டோர் எல்லாம் அப்படி வந்தவை. இன்றைக்கு அந்த வாலைக் கண்டாலே, உள்ளே இருப்பது டொப்பல்பொக் என்ற கெட்டிப் பியர் என்று குடிக்கிறவருக்குத் தெரியும்.

சரி, உங்கள் கேள்வியில் என் கண் போய் நின்றது ஊர்ப் பெயரில். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி. திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே போனால் வரிசையாக மூன்று வெளி. ஒரே சொல்லை மூன்று ஊரும் வைத்திருக்கின்றன, ஒன்றுக்கும் குறைவில்லை. என்ன அழகான சொல்! திறந்து கிடக்கும் நிலம், தடுப்பில்லாத இடம்.

அந்தச் சொல்லைத்தான் பலகைகளில் கெடுக்கிறார்கள். இதை முன்பும் இந்தப் பக்கத்தில் எழுதினேன், இன்னும் எழுதுவேன். ஆங்கில எழுத்தில் வெளியும் வேலியும் ஒன்றுபோலவே இருக்கும். அதைப் பார்த்துத் தமிழாக்குகிறவர்கள் ஒற்றைக்கொம்பை இரட்டைக்கொம்பாக்கி, ளகரத்தை லகரமாக்கி, வெளியை அடைத்து வேலியாக்கிவிடுகிறார்கள்.

போன மாசியில் நிலாவெளியில் ஒரு விடுதி வாசலில் பச்சைப் பலகை, ஒரு முழ உயர எழுத்தில் 'நிலாவேலி'. சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். மேசையில் இருந்த பொடியன் மரியாதையாக எழும்பினான்.

"கொழும்பில் அடித்து அனுப்பினது ஐயா."

"தம்பிக்கு எந்த ஊர்?"

"இதுதான்."

"உம்முடைய ஊரின் பெயரைச் சொல்லும் பார்ப்போம்."

"நிலாவெளி" என்றான். சொன்ன கையோடு வெளியே வந்து, பலகையைக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பக்கம் போனேன். கொம்பின் மேல் சுழியைப் பச்சைப் பெயின்ற் பூசி மறைத்திருந்தார்கள். பூச்சு வெயிலில் இன்னும் பளபளத்தது. லகரம் அப்படியே இருந்தது. 'நிலாவெலி'. பாதி வந்துவிட்டது, மீதியையும் கேட்டு வாங்குவேன்.

உப்புவெளிக்காரரே, உங்கள் பக்கம் 'உப்புவேலி' என்று பலகை ஏதும் நின்றால், எந்தச் சந்தி என்று எழுதி அனுப்புங்கள். நான் வந்து கதைக்கிறேன்.