இலைக்குள் கோடு போடும் புழு

கேள்வி: ஐயா, லயத்து வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூடாரம் போட்டுத் தக்காளியும் பயற்றங்காயும் வைத்திருக்கிறேன். இலையெல்லாம் பிள்ளைகள் கிறுக்கிய மாதிரி வெள்ளைக் கோடு. கடையில் கொடுத்த மருந்தை வாராவாரம் அடித்தும் கோடு கூடிக்கொண்டேதான் போகிறது. குளவி வாங்கி விடச் சொல்கிறான் தம்பி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கொட்டிவிடாதா?
- வாசகி, பீடோர்

பதில்: கொட்டாதும்மா. கூரையில் கூடு கட்டுகிற குளவி வேறு. இது 3 மில்லிமீட்டர் இருந்தாலே பெரிது. மனிதரைச் சீண்டாது.

கோடு போடுவது ஒரு குட்டி ஈயின் புழு. இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் இருந்துகொண்டு சதையைத் தின்னும். பல மருந்துகள் அங்கே எட்டாது, எட்டினாலும் இந்த ஈ பலவற்றுக்குப் பழகிவிட்டது. இந்தப் புழுவை அழிக்கிற குளவியோ வெளியே திரிகிறது, மருந்தில் அதுதான் முதலில் சாகும். அடிக்க அடிக்கக் கூடுவது பெரும்பாலும் அதனால்தான்.

ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடாரத் தக்காளிக்கு முக்கியமாக இரண்டு வகைக் குளவி விற்கிறார்கள். டாக்னூசா குளிருக்குத் தோதானது, புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும். டிக்ளைஃபஸ் வெப்பம் தாங்கும். புழுவைக் கொட்டி முடக்கிவிட்டுப் பக்கத்தில் முட்டை வைக்கும். அப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. குளவிக்குஞ்சு புழுவைத் தின்று தீர்த்து, கூட்டுப்புழுவாகும் முன் தன் எச்சத்தாலேயே சின்னச் சின்னத் தூண் நட்டு, இலைத்தோல் மேலே அமுங்காமல் முட்டுக் கொடுக்கும். இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

ஆனால் காசு போட்டு வாங்க வேண்டாம். பக்கம் திறந்த கூடாரத்தில் விட்டால் அது எங்கே போகும், யார் கண்டது? ஹெமிப்டார்செனஸ் என்ற குளவி நம் வட்டாரத்திலேயே இதே வேலையைச் செய்கிறது. மருந்தை நிறுத்துங்கள், தானாக வரும். செம்பனைக்காட்டு ரோட்டோரம் டர்னரா பூச்செடி நட்டிருப்பார்களே, அழகுக்கு என்றா நினைத்தீர்கள்? ஓலை தின்னும் பைப்புழுவை அழிக்கிற குளவிகளுக்குத் தேன் கிடைக்கத்தான். அதில் இரண்டு கிளை ஒடித்துக் கூடார வாசலில் ஊன்றிப் பாருங்கள்.

கோடு விழுந்த இலையைக் கிள்ளும்போது மட்டும் கவனம். கோட்டின் முனையில் மஞ்சள் புழு நெளிந்தால் இலையைக் கிள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். கோடு குட்டையாக நின்று, புழு பழுப்பு நிறமாகி அசையாமல் கிடந்தால் விட்டுவையுங்கள், உள்ளே குளவி வளரலாம். ஈயைப் பிடிக்கிற மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றிரண்டு போதும், குளவியும் அதில் ஒட்டிக்கொள்ளும். நாற்றில் கோடு விழுந்தால் கவலைப்படலாம். காய்க்கிற செடியின் அடி இலையில் நாலு கோடு இருந்தால் காய்க்கு ஒன்றும் ஆகாது.