ஏழைப் பள்ளி மாவட்டத்து மாணவருக்கு ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் நேரடி இடம் கொடுப்பது நியாயமா?

டெக்சாஸில் ஒவ்வொரு பள்ளியிலும் மதிப்பெண் வரிசையில் முதல் ஐந்து சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளுக்கு, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் நேரடியாக இடம் உண்டு. அது நியாயமா என்று என்னைக் கேட்டால் நியாயம்தான். டெக்சாஸில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்திலெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: "எங்கள் பள்ளியில் எல்லாருமே கெட்டிக்காரர்கள், என் பெண் வேறு பள்ளியில் படித்திருந்தால் ஈஸியாக டாப் ஐந்து சதவீதத்துக்குள் வந்திருப்பாள்." வருத்தம் புரிகிறது. ஆனால் வீடு வாங்கும்போது நாம் முதலில் விசாரித்ததே பள்ளி மாவட்டம் எப்படி என்றுதானே? நல்ல ஆசிரியர்கள், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி வகுப்புகள் வரிசையாக, இதெல்லாம் அந்த வீட்டு விலையோடு சேர்ந்து வந்தவை.

இங்கே பள்ளிப் பணத்தில் பெரும்பங்கு சொத்து வரி. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் மாவட்டத்துப் பெற்றோர் தொடுத்த வழக்கைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. பக்கத்து ஆலமோ ஹைட்ஸைவிட அதிக விகிதத்தில் வரி கட்டியும், வீடுகளின் மதிப்பு குறைவு என்பதால், உள்ளூர் வரியிலிருந்து மாணவர் ஒருவருக்கு எட்ஜ்வுட்டுக்குக் கிடைத்தது 26 டாலர், அங்கே 333 டாலர். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தப் பெற்றோர் தோற்றார்கள். பிறகு மாநில அளவில் வழக்குப் போட்டு, பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியைப் பகிரும் ஏற்பாடு 1993இல் வந்தது. அப்படியும் இடைவெளி முழுசாக மூடவில்லை.

சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று 1996இல் தீர்ப்பு வந்த பிறகு, ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் தர 1997இல் போட்டதுதான் இந்த டாப் பத்து சதவீதச் சட்டம். பிள்ளையை அதே வகுப்பறையில், அதே ஆசிரியரிடம் படித்தவர்களோடு மட்டும் ஒப்பிடுகிறது. இதைவிட நேரான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. கூட்டம் தாங்காமல் ஆஸ்டின் மட்டும் அதை ஆறு சதவீதமாகவும், 2026 சேர்க்கைக்கு ஐந்தாகவும் சுருக்கிவிட்டது. இருந்தாலும் உள்மாநில இடங்களில் கால் பங்கு மற்றவர்களுக்கு இருக்கிறது, மாநிலத்தின் இன்னொரு பெரிய பல்கலைக்கழகமான டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் இன்றும் பத்து சதவீதம்தான், அதனால் நம் பிள்ளைகளுக்குக் கதவு அடைபடவில்லை.

எனக்குள்ள குறை வேறு. பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி, கேட்ட படிப்பு உறுதியில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் என்றால் தனியாக அலசி எடுக்கிறார்கள், பள்ளியில் மேல்மட்டக் கணக்கு வகுப்பே நடக்காத பிள்ளை அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. சேருவதற்கு முந்தைய கோடையில் கணக்கு வகுப்பு நடத்தி, தேறுகிறவர்களை அந்தத் துறைகளுக்குள் விடலாமே. பெற்றோர் கூட்டங்களில் நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.