அம்புக்குறி எல்லையோடு நிற்கக் கூடாது: மழைநீர் வடிகால் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு ஹெக்டேர் நிலத்தை மனைகளாகப் பிரிக்க அனுமதி கேட்டிருந்தேன். சாலை, பூங்கா எல்லாம் சரி என்றார்கள், ஆனால் மழைநீர் வடிகால் திட்டம் முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாலையின் இரண்டு பக்கமும் வாய்க்கால் காட்டியிருக்கிறேனே, வேறு என்ன வேண்டும் ஐயா?

பதில்: நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். வாய்க்கால்கள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. தென்கிழக்கு மூலைவரை நீல அம்புக்குறி போட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறீர்கள், எல்லைக்கோடு வந்ததும் அம்பு நின்றுவிடுகிறது, அதற்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத் தாள். கோப்பைத் திருப்பியவர் கேட்பது அந்த வெள்ளைத் தாளில் என்ன இருக்கிறது என்றுதான். மூலைக்கு வந்த தண்ணீர் யார் நிலத்தில் இறங்கும்? அங்கே ஓடையோ பொது வடிகாலோ இருக்கிறதா? இருந்தால் அதன் அடிமட்டம் உங்கள் வாய்க்காலின் அடிமட்டத்தைவிடத் தாழ்வா? வெளியே இருக்கும் வடிகால் ஒரு சாண் உயரமாக இருந்துவிட்டால், நீங்கள் உள்ளே எவ்வளவு அழகாக வாட்டம் (சரிவு) கொடுத்திருந்தாலும் பெருமழையில் வெளித்தண்ணீர் உங்கள் வாய்க்கால் வழியாகவே உள்ளே ஏறி வரும். அதனால் சர்வேயரை வேலியோடு நிற்கச் சொல்லாதீர்கள். தண்ணீர் போய்ச் சேரும் இடம்வரை லெவல் எடுக்கச் சொல்லுங்கள். அந்த வழி வேறொருவர் நிலத்தில் போனால் அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும், பொது வடிகாலில் சேர்ப்பதானால் அதைப் பராமரிப்பவரின் அனுமதி வேண்டும்.

அடுத்தது, மேட்டுப் பக்கம். உங்கள் நிலத்துக்கு மேலே இருக்கும் நிலங்களின் தண்ணீர் இன்றைக்கு உங்கள் நிலத்தின் வழியாகத்தான் கீழே போகிறது. படத்தில் அது இல்லவே இல்லை. உங்கள் மதில் அதை அடைத்தால் மேலே இருப்பவர் முற்றத்தில் தேங்கும், மதில் தாங்காவிட்டால் உங்கள் சாலையில் பாயும். வெளியிலிருந்து வரும் அந்தத் தண்ணீரையும் கணக்கில் சேர்த்து வழிவிட்டுக் காட்ட வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய குறை, முன்-பின் கணக்கு. மனைகள் வருவதற்கு முன் நிலத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் எவ்வளவு, வந்த பிறகு எவ்வளவு, கூடுதலாக வருவதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று எண்ணில் காட்டுவது. சிறிய பரப்புக்குப் பெரும்பாலான பொறியாளர்கள் போடும் கணக்கு எளிது: மழையின் வேகத்தைப் பரப்பால் பெருக்கி, அதில் எத்தனை பங்கு ஓடிவிடும் என்ற வழிந்தோடல் கெழுவாலும் பெருக்குவது. இதன் வேர் 1851-ல் அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வனி எழுதிய கட்டுரையில் இருக்கிறது. 1889-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் எமில் குயிக்லிங் இதை நகர வடிகால்களுக்குக் கொண்டுவந்தார்.

உங்கள் நிலத்துக்கே போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்கிறது. இப்போது புல் மூடிக் கிடக்கும் நிலத்துக்குக் கெழு 0.25 என்று வைத்தால் நொடிக்குச் சுமார் 42 லிட்டர் வெளியேறும். கூரையும் தார்ச்சாலையும் சிமெண்ட் முற்றமுமாக மாறியபின் கெழு 0.75 ஆகிவிட்டால் அதே மழைக்கு நொடிக்கு 125 லிட்டர். மூன்று மடங்கு! மழை அதேதான், நிலமும் அதேதான். உண்மையில் இதைவிடக் கூடவே வரும், ஏனென்றால் வழவழப்பான தரையில் தண்ணீர் மூலைக்குச் சீக்கிரம் வந்து சேர்ந்துவிடுவதால் இன்னும் குறுகிய, இன்னும் வேகமான மழைக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

நொடிக்கு மிகுதியாக வரும் அந்த 83 லிட்டரைப் பிடித்துவைத்து, பழைய அளவிலேயே மெல்ல வெளியே விட வேண்டும் என்பதுதான் பல இடங்களில் விதி. அரை மணி நேரம் அப்படிப் பெய்தால் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் லிட்டர் தேங்க இடம் வேண்டும். 1.2 மீட்டர் ஆழத்துக்குத் தேக்கினால் 125 சதுர மீட்டர். மனைகளை எல்லாம் பிரித்து முடித்தபின் இந்த இடத்தைத் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் மேட்டில் கிடைக்கும். தாழ்ந்த மூலையை முதலில் தண்ணீருக்கு ஒதுக்கிவிட்டு மீதியில் மனை போடுங்கள் என்று நான் பார்க்கிற எல்லாரிடமும் கெஞ்சுகிறேன். ஒன்று, மேலே சொன்னது அளவு புரிவதற்கான தோராயம். தேக்கத்தின் சரியான கொள்ளளவுக்கு, நேரம் ஏற ஏறத் தண்ணீர் எப்படி வருகிறது, எப்படி வெளியேறுகிறது என்ற முழுக் கணக்கைப் பொறியாளர் தர வேண்டும்.

கேள்வி: தேக்கத் தொட்டிக்குப் பதிலாகப் பெரிய குழாயாகப் போட்டுத் தண்ணீரை வேகமாக வெளியேற்றிவிட்டால் போதாதா?

பதில்: உங்களுக்குப் போதும். கீழே இருப்பவருக்கு? நீங்கள் வேகமாகத் தள்ளும் தண்ணீர் அவர் வீட்டுக்கும் வேகமாகத்தான் போகும், வெளி வடிகால் பழைய அளவுக்குக் கட்டியது, அது உங்களுக்காக அகலமாகாது. இன்னொரு தொல்லையும் உண்டு. தேவைக்கு மேல் பெரிய குழாயைப் போதிய வாட்டம் இல்லாமல் போட்டால் சாதாரண மழையில் தண்ணீர் அடியில் மெல்லியதாக ஊர்ந்து, மண்ணை அங்கேயே படியவிட்டுவிடும். மண்டி தானாகக் கழுவிப் போக நொடிக்கு 0.6 முதல் 0.9 மீட்டர் வேகமாவது வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு.

கேள்வி: "10 ஆண்டு மழைக்கு வடிவமைத்தது" என்று திட்டத்தில் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் 10 ஆண்டுக்குப் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு மழையோ அதைவிடப் பெரியதோ வர 10 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். போன ஆண்டு வந்துவிட்டதே என்று அது இந்த ஆண்டு வராமல் இருக்காது. 10 ஆண்டுக்குள் ஒரு முறையாவது வர 65 சதவீத வாய்ப்பு. 100 ஆண்டு மழை என்கிறார்களே, அதுகூட ஒருவர் 30 ஆண்டு குடியிருக்கும் வீட்டில் ஒரு முறையாவது வர 26 சதவீதம் இருக்கிறது, அதாவது நாலில் ஒன்று. அதனால் நல்ல திட்டத்தில் குழாய் நிரம்பியபின் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று இரண்டாவது பாதை ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது சாலையேதான். சாலையை வீட்டுத் தரைமட்டத்தைவிடத் தாழ்வாக வைத்து, அதன் வாட்டத்தை வெளிவாயில் நோக்கிக் கொடுத்திருந்தால் குழாய் தோற்ற அன்றும் தண்ணீர் வீட்டுக்குள் ஏறாது.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் வடிகாலே வேண்டாம், உறிஞ்சுகுழிகள் போதும் என்கிறார் கட்டுமானக்காரர். நம்பலாமா?

பதில்: மண்ணைப் பார்க்காமல் யாரும் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. குழி வரப்போகும் இடத்தில், அதே ஆழத்தில் தோண்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, திரும்ப நிரப்பி மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். மணலில் கண்முன்னே இறங்கும். களிமண்ணில் காலையில் ஊற்றியது மாலையிலும் கலங்கலாக அப்படியே நிற்கும். நான் பார்த்த ஒரு குழியில் மூன்றாம் நாளும் தண்ணீர்மேல் இலை மிதந்துகொண்டிருந்தது, அந்த இடத்துக்குப் பன்னிரண்டு குழி வரைந்து கையெழுத்தும் போட்டிருந்தார்கள்! ஒரு மழை நின்று இரண்டு மூன்று நாளுக்குள் குழி காலியாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்கு அங்கே இடமில்லை, கொசுவுக்குத்தான் இடம். நிலத்தடி நீர்மட்டமும் குழியின் அடியிலிருந்து ஒரு மீட்டராவது கீழே இருப்பது நல்லது. மண் ஒத்துழைத்தாலும் மிஞ்சும் தண்ணீருக்கு ஒரு வடிகால் வேண்டும்.

கேள்வி: அனுமதி கிடைத்துவிட்டது. இனி அந்தத் தேக்கத் தொட்டியை யார் சுத்தம் செய்வது?

பதில்: திட்டத்திலேயே பெயர் போட்டு எழுதியிருக்க வேண்டும். மனை வாங்குபவர்கள் சங்கமா, பொது அமைப்பா, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, தூர்வாரும் வண்டி உள்ளே போக வழி எங்கே. எழுதவில்லையென்றால் ஒருவரும் செய்ய மாட்டார்கள். வெளியேறும் துவாரம் சிறியது, ஒரு பிளாஸ்டிக் பை போதும் அடைக்க.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மேட்டுப் பக்கம் புதிய லே-அவுட் வருகிறது. லாரி லாரியாக மண் கொட்டி உயர்த்துகிறார்கள். பயமாக இருக்கிறது சார், நாங்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. முதலில் அவர்களுடைய வடிகால் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கப் பாருங்கள். அதில் பழைய தரைமட்டமும் புதிய தரைமட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், பழைய மட்டத்தை விட்டுவிட்டு வரைந்திருந்தால் அதையே ஆட்சேபணையாக எழுதுங்கள். தண்ணீர் இதுவரை போன தாழ்வான பாதை படத்தில் இருக்கிறதா, மண் போட்டு மூடிவிட்டார்களா என்று பாருங்கள். கட்டுமானம் நடக்கும் மாதங்களுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள், ஏனென்றால் கொட்டிய மண் இறுகாமல் இருக்கும்போது முதல் மழையிலேயே அது கரைந்து உங்கள் வாய்க்காலை நிரப்பிவிடும், அதைத் தடுக்க எல்லையோரம் தடுப்பும் வண்டல் படிய ஒரு குழியும் முதல் லாரி வருவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

அப்புறம், அடுத்த மழையில் குடையோடு வெளியே போய்த் தண்ணீர் எங்கிருந்து எப்படி வருகிறது என்று தேதியோடு படம் எடுங்கள். வேலை முடிந்தபின் எடுக்கும் படத்தைவிட இப்போது எடுப்பதற்குத்தான் மதிப்பு. படத்தில் உங்கள் வாசல்படி தெரியட்டும், அந்தப் படியின் மட்டத்தை ஒரு சர்வேயரிடம் அளந்து எழுதி வாங்கி மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.